முதலில் குரல், பிறகு சோனார்

அமெரிக்காவில் சொந்தமாக நீர்மூழ்கி கட்டுபவர்களின் பட்டறைகளில் நான் பார்த்தவரை, அழுத்தம் தாங்கும் கூட்டுக்குக் கிடைக்கும் அக்கறை ஒலிக்கருவிகளுக்குக் கிடைப்பதில்லை. ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வடிவமைத்த கே-250 போன்ற ஒற்றை ஆள் கலத்தைக் கட்டுகிறவர், ஒவ்வொரு பற்றவைப்பையும் பலமுறை சோதிக்கிறார். அது முற்றிலும் சரி. கருவி வாங்கும் கட்டம் வந்ததும் அவர் கை முதலில் போவது மீன்பிடிப் படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர் என்ற சோனாருக்கு. திரையில் கடலடி தெரிகிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஆனாலும் இந்த வரிசை தவறு. உள்ளே இருப்பவர் கடலைப் பார்ப்பதைவிட, அவர் நலமாக இருக்கிறாரா என்று மேலே இருப்பவர்கள் அறிவதே முதல் தேவை.

கடல்நீர் வானொலி அலைகளை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலி மட்டுமே. அதிர்வெண் ஏற ஏற ஒலி விரைவில் தேய்ந்துவிடும். அதனால்தான் 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் நேர்கீழே துல்லியமாகக் காட்டினாலும் தொலைவுக்கு உதவாது. நீரடித் தொலைபேசி மனிதக் குரலை 8 முதல் 11 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்த்தி அனுப்புவதால் அது கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். இதில் ஒலியை அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸ்டியூசரைக் கையால் செய்பவர்களின் பொறுமை மதிப்புக்குரியது. பீசோ பீங்கான் வளையத்தைச் சுற்றி பாலியூரித்தேன் ஊற்றும்போது ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அது ஒலியைத் திருப்பி அடித்துவிடும். பிறகு மோட்டார். அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எழுப்பும் மின்துடிப்புகள் நீரடி ஒலிவாங்கியான ஹைட்ரோஃபோனின் கம்பியில் ஏறிக் குரலை மூழ்கடிக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் பலர் பேசுகிறார்கள்.

ஆழம் குறைவுதானே, மிதவை கட்டிய கயிறு போதாதா என்று கேட்பார்கள். மிதவை கலம் இருக்கும் இடத்தைக் காட்டும். உள்ளே இருப்பவர் நினைவோடு இருக்கிறாரா என்பதைக் காட்டாது. 1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் பைசிஸ் III என்ற சிறு நீர்மூழ்கி சுமார் 480 மீட்டர் ஆழத்தில் சிக்கியபோது, உள்ளிருந்த இருவரும் மூன்று நாள்களுக்கும் மேலாக உயிரோடு காத்திருந்தார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை மேலே இருந்தவர்களுக்குச் சொன்னது நீரடித் தொலைபேசிதான்.

2023 ஜூன் 18-இல் உள்நோக்கி நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கிக்குத் தொடர்பு இருந்தும் என்ன பயன் என்பது இதைவிடக் கனமான எதிர்வாதம். பலவீனமான கூட்டை எந்தக் கருவியும் காப்பாற்றாது, உண்மைதான். ஆனால் அன்று செய்தித் தொடர்பும் இருப்பிடத் தொடர்பும் ஒன்றாக அறுந்தன. இருப்பிடம் சொல்லும் கருவிக்குத் தனி உறையும் தனி பேட்டரியும் இருந்தால், இரண்டும் சேர்ந்து அடங்குவதே ஒரு செய்தி. தொலைபேசி மட்டும் அடங்கினால் கருவிக் கோளாறாக இருக்கலாம். இரண்டும் அடங்கினால் மீட்புக் குழு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

செலவைக் காரணம் காட்டுபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எக்கோ சவுண்டரைத் தள்ளிவையுங்கள். தொலைபேசியையும் தனி பேட்டரியில் இயங்கி இருப்பிடம் சொல்லும் பிங்கரையும் பொருத்திய பிறகு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசுவது என்று கரையில் இருப்பவரோடு உறுதி செய்துகொண்டு இறங்குங்கள்.