முந்நூறாவது தொப்பி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் புகும் பொருநையே! பாபநாசத்துப் பாறைகளில் தலைகுப்புற வீழ்ந்தும் ஒரு மூட்டும் நோவாமல் எழுகின்றாய். அம்பையும் கல்லிடையும் கடந்து, சேரன்மகாதேவியில் அம்மநாதர் கோயிலை ஒட்டி ஒதுங்கி, நெல்லை நோக்கி நடக்கின்றாய். தென்மேற்கு ஒருமுறை, வடகிழக்கு ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை வானம் உனக்கு உயிர் ஊட்டுகிறது. மனித மூட்டுக்கு எந்த மழை பெய்யும்? விழுந்தார் எல்லாரும் உன்போல் எழ வல்லரோ?

உன் கரையில் பிசானம் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. கன்னடியன் கால்வாயில் கார் நடவுக்குத் தண்ணீர் வரும் வரையில் அவ்வயல்களே எங்கள் பிள்ளைகளுக்கு மைதானம். தாள் மிதிபட்டுத் தரையோடு அமுங்கிய நடுப்பாதையில் மூன்று கம்பு நட்டு, டென்னிஸ் பந்தால் ஆடுகிறார்கள். இடக்கையால் ஓடிவந்து வீசும் சிறுவன் எவனானாலும் அவனுக்கு ஊர் இட்ட பெயர் ஒன்றுதான்: நடராஜன். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

தலைவன் மாய்ந்தபின் பாடுவது கையறுநிலை. நான் பாடுவதோ உயிரோடும் உரத்தோடும் உள்ளவனை. தங்கராசு நடராஜன் நூறாண்டு வாழ்க, அவன் குடி தழைக்க. மாய்ந்தவை அவன் இந்நாட்டுக்காக வீசியிருக்க வேண்டிய பந்துகள். அவற்றுக்கு அழுவார் யாரும் இல்லாததால் நான் அழுகிறேன்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்தவன். தந்தை தறிக்கூலி, தாய் சாலையோரக் கடை. இருபது வயது வரையில் அவன் கை அறிந்தது டென்னிஸ் பந்து மட்டுமே. 2015 சனவரியில் கொல்கத்தாவில் வங்கத்துக்கு எதிராக ரஞ்சி ஆடினான். ஆடியவுடன் பந்து வீசும் முறையில் ஐயம் என்றார்கள். கை பழகிய ஓட்டத்தை எல்லாம் மறந்து, வீச்சைப் புதிதாகக் கற்றான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவனை அரிச்சுவடியிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னால் எத்தனை பேர் தொடங்குவார்கள்? அவன் தொடங்கினான். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முறையாக நடந்தபோது திண்டுக்கல் டிராகன்ஸ் உடையில் அவனை நாடு கண்டது. சேப்பாக்கம், நத்தம், எங்கள் சங்கர் நகர் ஆகிய மூன்று மைதானங்களில் நடந்த போட்டி அது. மட்டையாளனின் கால் விரலுக்கும் மட்டையின் அடிக்கும் இடையே ஒரு சாண் நிலம் உண்டு. அந்தச் சாண் நிலத்தில் பந்தை இறக்குவதுதான் யார்க்கர். ஓர் ஓவரில் ஒன்று விழுந்தாலே மற்றவர்களுக்குப் பெருமை. அவனுக்கு அது உழைப்பில் வாய்த்த அன்றாடம்.

2017 பிப்ரவரி ஏலத்தில் அவனுக்கு அடிப்படை விலை 10 இலட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அமெரிக்கக் கால்பந்தில் முதல் சுற்றில் ஓர் இளைஞனைத் தேர்ந்தால் எத்தனை எதிர்பார்ப்பை அவன் தோளில் ஏற்றுவார்களோ, அத்தனையும் அன்று இவன் தோளில் ஏறியது. ஆடியது 6 ஆட்டம், எடுத்தது 2 விக்கெட். முழங்கை நொந்தது. மறு ஏலத்துக்கு முன் அணி அவனை விடுவித்தது. 2018இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் எடுத்த விலை 40 இலட்சம்.

எங்கள் மேலப்பாளையம் சந்தையில் மாடு கைமாறும்போது விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பற்றிப் பேசி முடிப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் மாட்டின் மதிப்பு ஏறியதோ இறங்கியதோ, அது அந்த இரு கைகளோடு போகும். நம் வீரர்களின் விலையோ உலகறியச் சுத்தியல் தட்டிச் சொல்லப்படுகிறது. 3 கோடி வெறும் 40 இலட்சமாக இறங்கியதையும் வீரனின் தாய் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும்.

2018, 2019 இரு பருவங்களிலும் அவன் ஒரு பந்தும் வீசவில்லை. ஆனால் அந்த அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன். தாய்மொழியில் பேச ஒருவர் அங்கே இருந்தார் என்பதை நான் சிறிய செய்தியாக எண்ணுவதில்லை. 2020இல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட் எடுத்தான். அபுதாபியில் வெளியேற்றுச் சுற்றின்போது 56 ஓட்டங்களுடன் நின்ற டிவில்லியர்ஸை ஒரு யார்க்கர் பெயர்த்தது. பந்து வரும் இடம் தெரிந்தும் மட்டையை இறக்க அந்த மாவீரனுக்கு நேரம் போதவில்லை.

அதன்பின் நடந்ததை எண்ணும்போதுதான் ஊழின் கணக்கு எனக்கு உறைக்கிறது. வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவன் அவன். வருண் சக்கரவர்த்தியின் தோள் நொந்தது. இருபது ஓவர் அணியில் இவனுக்கு இடம். சைனியின் முதுகு பிடித்தது. ஒருநாள் அணியில் இடம். அடிலெய்டில் ஷமியின் கை முறிந்தது, மெல்போர்னில் உமேஷ் யாதவின் கெண்டைக்கால் நொந்தது, சிட்னியில் பும்ராவின் வயிற்றுத் தசை வலித்தது. டெஸ்ட் அணியிலும் இடம். 2021 சனவரி 15, பிரிஸ்பேன் கப்பா மைதானம். இந்திய டெஸ்ட் வரிசையின் 300ஆம் தொப்பியை அவன் தலையிலும், 301ஆம் தொப்பியை வாஷிங்டன் சுந்தர் தலையிலும் வைத்தார்கள். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், ஒரே காலை. ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியன் நடராஜன். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். 108 ஓட்டங்கள் எடுத்திருந்த லபுஷேன் தூக்கி அடித்த பந்து ரிஷப் பந்தின் கையுறைக்குள் இறங்கியது. 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்றறியாத அம்மைதானத்தில் 328ஐ விரட்டி இந்தியா வென்றது. கோப்பை அவன் கைக்கு வந்தது. அவன் பெற்ற மகளைத் தூக்க அக்கைகளுக்கு அதுவரை வாய்த்திருக்கவில்லை, ஐ.பி.எல். நாள்களில் பிறந்த குழந்தை அது. ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி அவனைத் தேரில் ஏற்றி அழைத்துச் சென்றது.

பிறர் உடல் நைந்தபோது திறந்த கதவு, அவன் உடல் நைந்தபோது சாத்திக்கொண்டது. ஒருவன் காயம் இன்னொருவன் வாய்ப்பு என்பதை ஆடுகிறவர்கள் அனைவரும் அறிவார்கள், அறிந்தும் ஓடுகிறார்கள்.

வேகப்பந்து வீசுகிறவனின் முன்கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தைப் பாருங்கள். ஓடிவந்த விசை முழுவதும் அக்காலில் வந்து நிற்கும். உடல் எடையைப்போல் பலமடங்கு சுமை பாதத்தில் இறங்கி, கணுக்கால் ஏறி, முழங்காலைத் தாக்கும். முழங்கால் மடங்கினால் பந்தின் வேகம் குறையும். மடங்காமல் நின்றால் மூட்டு தேயும். யார்க்கர் வேண்டுமென்றால் இதை மீண்டும் மீண்டும் செய்து பழக வேண்டும். நாம் கைதட்டிய ஒவ்வொரு பந்துக்கும் ஒரு மூட்டு விலை கொடுத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் தொடங்கிய ஓட்டம் 2021 மார்ச் வரை நீண்டது. மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ஓட்டம் வேண்டும். எதிரே, இறுதியில் 95 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்ற சாம் கரன். விட்டுக்கொடுக்காமல் வென்று தந்தான். இந்தியாவுக்காக அவன் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். ஏப்ரலில் முழங்காலில் அறுவை. செப்டம்பரில் திரும்பி வந்தவனைக் கொரோனா பிடித்தது.

மீண்டான். 2022இல் சன்ரைசர்ஸ் மறுபடி கொடுத்த விலை 4 கோடி, 11 ஆட்டங்களில் 18 விக்கெட். 2024இல் 19 விக்கெட். அந்த ஆண்டு அக்டோபர் 31இல் சன்ரைசர்ஸ் தக்கவைத்த ஐவரில் அவன் இல்லை. தில்லி 10 கோடியே 75 இலட்சத்துக்கு எடுத்தது. 2025 பருவத்தின் பெரும்பகுதி அவன் ஆடாமலே கழிந்தது. நாட்டுக்காக அவன் ஆடியவை: டெஸ்ட் 1, ஒருநாள் 2, இருபது ஓவர் 4.

இத்துயர் இவன் ஒருவனுடையது மட்டும் அன்று. மலப்புரத்துக் கால்பந்து வீரர் அனஸ் எடத்தொடிகாவை 2017 இந்தியன் சூப்பர் லீக் வரைவில் முதல் சுற்றிலேயே 1 கோடியே 10 இலட்சத்துக்கு ஜாம்ஷெட்பூர் எடுத்தது. காயங்களால் அப்பருவம் குறுகியது. அடுத்த ஆண்டு வேறு உடை. 2019 சனவரியில் ஷார்ஜாவில் பஹ்ரைனுக்கு எதிரே இந்தியா ஆடிய ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நொண்டி வெளியேறினார். இந்திய அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக மறுநாளே அறிவித்தார். அமெரிக்கக் கூடைப்பந்தில் 2007இல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிரெக் ஓடனையும் முழங்கால்களே வீழ்த்தின. 2012இல் போர்ட்லாந்து அணி அவரை விடுவித்தது.

விடுவித்தல் அணிகளின் உரிமை. விதி அதற்கு இடம் தருகிறது. ஆயினும், ஓர் உடலின் வலிமையை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு அதன் நோவிலும் பங்கு உண்டு. காயத்தோடு விடுவிக்கப்படும் வீரன் குணமாகும் வரையில் அவன் மருத்துவமும் பயிற்சியும் வாங்கிய அணியின் பொறுப்பு என்று இந்தியக் கிரிக்கெட் வாரியமும் கால்பந்துக் கூட்டமைப்பும் விதி எழுத வேண்டும். நடராஜனுக்கு அணிகள் கிடைத்தன. முதல் காயத்திலேயே பெயர் மறைந்து போகிறவர்களுக்கு அந்த விதி வேண்டும்.

தம்பி, நீ கவலற்க. 2023இல் உன் ஊரில் உன் காசில் நீ அமைத்த மைதானம் இருக்கிறது. உனக்குக் கிடைக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். அக்கொடையின் முன் நான் கைகூப்பி நிற்கிறேன்.

சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர்ப் பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெயிலில் இறுகிய வயல்தரையில் காலை முதல் பொழுது சாயும் வரை உங்கள் பிள்ளைகள் வீசுகிறார்கள். முழங்கால் வலிக்கிறது என்று பந்தை நீட்டும் பையனிடம் இன்னும் ஓர் ஓவர் கேட்காதீர்கள். அன்றைக்கே அவனை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.