பதிலுக்கு ஆகும் நாட்கள்

வீடு வாங்க வருகிறவர் ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, விற்கிறவர் பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு நம் ஊர்களில் விதி எதுவும் இல்லை. சட்டத்திலும் நாள் கணக்கு கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 6ஆம் பிரிவில், கெடு குறிக்காத முன்மொழிவு நியாயமான காலம் கழிந்ததும் தானே செத்துவிடும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. வங்கித் தேர்வுக்காக இதைப் படித்தபோது 4ஆம் பிரிவின் கீழிருந்த உதாரணம்தான் எனக்குப் பிடித்திருந்தது. 'அ' தன் வீட்டைக் குறிப்பிட்ட விலைக்கு விற்பதாக 'ஆ'வுக்குக் கடிதம் எழுதுகிறார். 'ஆ' தபாலில் சம்மதம் தெரிவிக்கிறார். நம் யதார்த்த நாவலாசிரியர்கள் யாரும் இத்தனை சிக்கனமாகப் பாத்திரம் படைத்ததில்லை. 'அ'வுக்குத் தம்பி இல்லை, வயதான தகப்பன் இல்லை. முக்கியமாக, கட்டிக்கொடுத்த அக்கா இல்லை.

செங்கற்பட்டில் என் தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்குச் சென்ற வருஷம் ஒரு விலை வந்தது. கேட்டவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறவர். திண்ணையில் உட்கார்ந்து விலையைச் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். "ஒரு வாரத்துல சொல்லிடறோம்" என்றார் அப்பா. பதில் போய்ச்சேர 58 நாள் ஆயிற்று.

தரகருக்கு இது ஊரின் வியாதி. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் காலையில் விலை சொன்னால் சாயங்காலம் டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடும் என்பார். உண்மைதான். அங்கே கைமாறுவதில் பெரும்பாலானவை லே-அவுட் மனைகள். விற்பதற்காகவே வாங்கப்பட்டவை. அவற்றில் யாரும் பிறந்ததில்லை, யாரும் அங்கிருந்து கல்யாணமாகிப் போனதில்லை. ஆனால் அப்பா சொல்வது வேறு: அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்வார், அன்றைக்கே முடிந்துவிடும். இந்த 'அந்தக் காலம்' எனக்கு எப்போதுமே சந்தேகத்துக்குரிய இலக்கிய வகை. ஒரு வார்த்தையில் முடிந்தது என்றால் ஒருவரைத்தான் கேட்டார்கள் என்று அர்த்தம். சோழர் கால நில விற்பனைக் கல்வெட்டுகளில் 'எம்மிலிசைந்த விலைப்பொருள்' என்றொரு சொற்றொடர் வரும். எங்களுக்குள் இசைந்த விலை. அந்த 'எம்மில்' யார் யார் என்பதைக் கேட்கத் தொடங்கும்போதுதான் நாட்கள் கூடுகின்றன.

தாத்தா 1987இல் உயில் எழுதாமல் இறந்தார். அத்தை, அப்பா, சித்தப்பா. பாட்டியும் போன பிறகு மூவருக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல் வகுப்பு வாரிசாக்கியிருந்தது. ஆனால் அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கிற வரைக்கும் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. வசிக்கும் உரிமை உண்டு. அதுவும் மகளானால், மணமாகாதவளாகவோ கணவனை இழந்தவளாகவோ, அவனால் கைவிடப்பட்டோ அவனைப் பிரிந்தோ இருக்க வேண்டும். அதாவது, அவள் வாழ்க்கை நன்றாக இருந்தால் வீடு அவளுக்கு மூடியிருக்கும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம்கூட அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது. 23ஆம் பிரிவு நீக்கப்பட்டது 2005 செப்டம்பரில். 49 வருஷம் சட்டமே பெண்களிடம் 'பொறு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொறுமையை யாரும் தாமதம் என்று கணக்கெடுத்ததில்லை.

சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. என் மேஜைக்கு வரும் வீட்டுக்கடன் மனுக்களில் வாரிசுச் சான்றிதழில் நாலு பெயர் இருக்கும். கிரயப் பத்திரத்தில் விற்பவர் இரண்டு பேராகிவிடுவார்கள். நடுவில் ஒரு விடுதலைப் பத்திரம், சகோதரிகள் பிரதிபலன் ஏதுமின்றித் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக. வில்லங்கச் சான்றில் அது ஒரு வரி.

விலை வந்த ஐந்தாம் நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமல்லபுரம் போனேன். அத்தை 1974இல் அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் தெருவில் உளிச்சத்தம் கேட்டது என்று எழுத ஆசைதான். இப்போது கேட்பது கல் அறுக்கும் மிஷினின் சத்தம்.

விஷயத்தைச் சொன்னேன். "உங்கப்பன் கேட்டுட்டு வரச் சொன்னானா, கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னானா?" என்றாள்.

"கேக்கத்தான் வந்தேன் அத்த."

"அப்ப யோசிச்சு சொல்றேன்னு சொல்லு. இந்த வீட்டு விஷயமா இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. எனக்கு யோசிக்க வருதான்னே பாக்கணும்."

34 நாள் யோசித்தாள். மௌனம் சம்மதம் என்பது நம் குடும்பங்களில் பெண்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் பழமொழி. இங்கிலாந்தில் 1862இல் ஒரு வழக்கு. மருமகனின் குதிரைக்கு விலை சொன்ன மாமா, பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எழுதினார். செல்லாது என்றது கோர்ட்டு. ஒரு குதிரை விஷயத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம் என் அப்பாவுக்கு ஏற்கவில்லை. "அக்கா ஒண்ணும் சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்?" என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டார். வாங்க வந்தவர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாவது தடவை விலையில் ஐம்பதாயிரம் குறைத்தார். அது அக்காவால் வந்த நஷ்டம் என்று அப்பா சொன்னது எப்படியோ மாமல்லபுரம் வரைக்கும் எட்டியது.

அத்தை சும்மா இருக்கவில்லை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றாள் என்று அம்மா சொன்னாள். பிறகு அடுத்த தெருவில் கடைசியாக விற்ற வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று தரகரிடம் விசாரித்தாள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் எங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைக் கேட்டு, பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டு போனாள். எங்களில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

அவள் பதில் போனில் வந்தது. "விடுதலைப் பத்திரமெல்லாம் கெடையாது. விக்கிறவங்க வரிசையில என் பேரும் வரட்டும். என் பங்குப் பணம் எங்கிட்ட வரட்டும். அப்புறம் யாருக்குக் குடுக்கறேன்னு நான் பாத்துக்கறேன். கொறைச்ச ஐம்பதாயிரத்த அவரையே திருப்பி ஏத்தச் சொல்லுங்க, அந்தத் தெருவுக்கு அது கட்டுபடியாகாது."

அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சரி என்றார். விலையும் பழையபடி ஏறியது. பிறகு சித்தப்பாவைக் கேட்டோம். ஆடி முடியட்டும், பார்க்கலாம் என்றார். 17 நாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.