கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல...

"தலை வலிக்குது அத்தை" என்று அண்ணன் மகன் என்னிடம் சொன்னான். சமையலறையிலிருந்தே அண்ணி பதில் கொடுத்தார்: "டியூசன் நேரம் வந்தா உனக்குத் தலைவலியும் வந்துடும்!"

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் இருக்கும் அண்ணன் வீட்டில் நடந்தது இது. பையன் படிவம் ஒன்று படிக்கிறான். அண்ணன் வாங்கி வைத்திருந்த வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு அப்போதுதான் கழற்றியிருந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்கு அது நடிப்பாகத் தோன்றவில்லை. "கொடு, நானும் பார்க்கிறேன்" என்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ரோலர் கோஸ்டர் விளையாட்டு. மேலே ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். முதல் சரிவிலேயே வயிறு புரண்டது. மூன்றாவது நிமிடத்தில் உள்ளங்கை வியர்த்து, வாயில் எச்சில் ஊற, கழற்றிவிட்டுச் சோபாவில் சாய்ந்தேன். அண்ணி கோடாலித் தைலத்தோடு ஓடி வந்தார். சிறுவயதில் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு நான் பட்ட அதே அவஸ்தை. அன்று என்னை அதிகம் கேலி செய்தவர் இதே அண்ணன்தான்.

வீடு திரும்பியதும் காரணத்தைத் தேடிப் படித்தேன். நம் உட்காதில் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. மலைப்பாதையில், காருக்குள் இருக்கும் கண்ணுக்கு முன் இருக்கை அசையாமல் தெரியும். காதோ "வளைகிறோம்" என்று சொல்லும். வி.ஆரில் இது தலைகீழ். "பாய்ந்து இறங்குகிறோம்" என்கிறது கண். "சோபாவில்தானே உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது காது. யாரை நம்புவது என்று மூளை தடுமாறுவதால்தான் குமட்டல் வருகிறது என்பது அறிவியலாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம்.

இந்தத் தடுமாற்றம் எனக்குப் புதிதல்ல. ஒலிபரப்பின்போது என் குரலே ஹெட்ஃபோனில் கால் விநாடி தாமதமாகக் கேட்டால் போதும், நாக்கு குழறிவிடும். வி.ஆரிலும் அப்படித்தான். தலையைத் திருப்பினால், ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்குள் காட்சியும் திரும்ப வேண்டும். தாமதமானால் தலைசுற்றல் கூடும்.

தலைவலிக்கு வேறு காரணங்களும் உண்டு. பக்கத்தில் வரும் பொருளைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால், குவியம் மட்டும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. சேர்ந்தே வேலை செய்து பழகிய இரண்டையும் பிரித்தால் கண் களைத்துவிடும். போதாக்குறைக்கு முகத்தில் அரை கிலோ பாரம்!

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடியின் வில்லைகளை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். உடனே அண்ணனை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். அது அவருடைய கண்ணுக்கு வைத்த அளவிலேயே இருந்தது. பையன் இத்தனை நாளும் அப்பாவின் அளவில்தான் பார்த்திருக்கிறான்.

"ஏன்டா முன்னமே சொல்லலை?" என்று கேட்டேன்.

"பழகிடும்னு கூட்டாளிங்க சொன்னாங்க அத்தை. தாங்க முடியலைன்னா சிரிப்பாங்க."

தாங்கிக்கொள்வது வீரமல்ல. உட்காதின் அந்த உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு இந்தக் குமட்டல் வருவதில்லையாம். அப்படியென்றால், குமட்டுகிறவரின் காது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதானே பொருள்? தினம் பத்து நிமிடம் என்று தொடங்கினால் பலருக்குப் பழகிவிடும். ஆனால், தலை கனத்த உடனேயே கழற்றிவிட வேண்டும். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டால் சற்று இதமாக இருக்கும். பெரியவர்கள் விளையாடிய கையோடு கார் ஓட்டக்கூடாது. விளையாடாத நாளிலும் தலைவலி வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அந்தச் சனிக்கிழமை அவன் டியூசனுக்குப் போகவில்லை. சோபாவில் நான் சாய்ந்து கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, அண்ணியே ஆசிரியருக்குத் தகவல் அனுப்பினார்: "மகனுக்குத் தலைவலி."