"இவ்வளவு ஆழத்துல மீன் இருக்காது மாப்ள!" - அத்தானோடு லேக் பவலில் ஒரு நாள்

அத்தான் எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்த அன்று, அவருக்கு வேலை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. பிரசவத்துக்கு உதவியாகத் திருநெல்வேலியிலிருந்து வந்து, ஃபீனிக்ஸ் வீட்டுச் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் தெரியாது.

போன மே மாதம். மூன்று வார லீவு போட்டுவிட்டு, பிறந்து 24 நாளே ஆன மருமகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். "வீட்டுக்குள்ளயே கெடந்து என்ன செய்யப் போற? வா, மீன் பிடிக்கப் போவோம். குழந்தை பிறக்கும் முன்னாடியே போட் புக் பண்ணுனது. இப்ப கேன்சல் பண்ணுனா பணம் திரும்பாது" என்றார் அத்தான். பணம் திரும்பாது என்பதை இரண்டு முறை சொன்னார். நான் கவனிக்கவில்லை.

வடக்கே ஐந்து மணி நேரம் காரில் போய், இரவு பேஜ் என்ற சின்ன ஊரில் தங்கினோம். மறுநாள் காலை லேக் பவல்.

பெயர்தான் ஏரி. உண்மையில் அது கொலராடோ ஆற்றை கிளென் கேன்யன் அணையால் மறித்து உண்டான நீர்த்தேக்கம். 710 அடி உயர அணை அது. 1963-ல் கதவை மூடியவர்கள், முழுதாக நிரம்புவதைப் பார்க்க 1980 வரை காத்திருந்தார்கள். 17 வருடம்!

நம் ஊர் அணைக்கட்டு போல ஓரத்தில் உட்கார்ந்து கால் நனைக்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலான இடங்களில் கரை என்ற ஒன்றே இல்லை. செக்கச்செவேல் பாறைச் சுவர் வானத்திலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தச் சுவரின் அடிப்பகுதியில், உப்புத்தண்ணீர் நிற்கிற பக்கெட்டில் கறை பிடித்திருக்குமே, அதுபோல ஒரு வெள்ளைப் பட்டை. ஒரு காலத்தில் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. பல வருட வறட்சியாலும், வருகிற தண்ணீரைவிட எடுக்கிற தண்ணீர் அதிகமானதாலும், 2023 பிப்ரவரியில் முழுக் கொள்ளளவு மட்டத்துக்குச் சுமார் 180 அடி கீழே போய்விட்டது. பிறகு கொஞ்சம் ஏறியது. பட்டை மட்டும் போகவில்லை.

மீன் பிடிக்க நல்ல நேரம் விடியற்காலை என்பார்கள். எங்கள் கைக்கு வாடகை போட் வந்ததே எட்டு மணிக்குத்தான். வாவீப் படகுத்துறையிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் என் போனில் மணி திடீரென்று ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. அரிசோனாவிலிருந்து யூட்டா மாநிலத்துக்குள் நுழைந்துவிட்டோமாம். கோடைக்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். நான் சிரித்துக்கொண்டே காட்டினேன். "அதுக்குள்ள ஒரு மணி நேரம் போச்சா?" என்றவரின் முகம் ஒரு நொடி சுருங்கியதற்கு அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை.

போட்டில் மீன் காட்டும் கருவி ஒன்று இருந்தது. சின்ன டிவி மாதிரி. ஆழம் 300 அடிக்கு மேல் என்று காட்டியது. "இவ்வளவு தண்ணியில எவ்வளவு மீன் இருக்கும்!" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"இவ்வளவு ஆழத்துல நம்ம தேடுற மீன் இருக்காது மாப்ள. சுவர் இடிஞ்சு விழுந்த இடமாப் பாரு. அங்கதான் இருக்கும்" என்றார் அத்தான்.

காரணமும் சொன்னார். வழுவழுப்பான செங்குத்துச் சுவரில் மீனுக்கு ஒளியவும் இடமில்லை, தின்னவும் ஒன்றுமில்லை. பாறை உடைந்து சரிந்து கிடக்கிற இடத்தில்தான் இடுக்கு இருக்கும். இடுக்கில் நன்னீர் நண்டு மாதிரியான கிரேஃபிஷ் இருக்கும். அதைத் தின்ன ஸ்மால்மவுத் பாஸ் வரும். "பாஸ் தொல்லையே வேண்டாம்னு இவ்வளவு தூரம் வந்தா, இங்கயும் பாஸா?" என்றேன். வழக்கமாக என் மொக்கைக்கெல்லாம் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை.

சரிவுப் பாறைக்கு அருகே போட்டை நிறுத்தி, ஈயக் குண்டு வைத்த கொக்கியில் ரப்பர் புழுவை மாட்டிக் கொடுத்தார். போட்டுவிட்டு அது அடியைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பாறை மேல் தத்தித் தத்தி வருகிற மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். நான் முதல் அரை மணி நேரம் பாறையைத்தான் பிடித்தேன். நான்கு கொக்கிகள் போயின.

ஐந்தாவது கொக்கியில் 'டொக்'கென்று ஒரு தட்டு. அப்புறம் ஒரு இழுப்பு. தூண்டில் வில்லாக வளைந்தது. தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு மீன் ஒரு முழ உயரம் துள்ளி, தலையை உதறிவிட்டு விழுந்தது. வெண்கல நிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடுகள், சிவந்த கண். ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் என் கை நடுங்கியது.

அத்தான் அதைக் கையில் வாங்கி, கொக்கியை எடுத்து, என்னைக் கேட்காமலேயே தண்ணீரில் விட்டுவிட்டார்.

"ஏன் அத்தான்?"

"ஆம்பள மீனா இருக்கும். இது முட்டை போடுற சீசன். பொம்பள மீன் முட்டை போட்டுட்டுப் போயிரும். தகப்பன்தான் குழி பறிச்சு, துடுப்பால விசிறி, குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் காவல் நிக்கும். அதைத் தூக்கிட்டா மத்த மீனெல்லாம் வந்து முட்டையைத் தின்னுரும்."

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதே குரலில் சொன்னார்: "எனக்கு வேலை போயிருச்சு மாப்ள. இன்னும் 51 நாள் இருக்கு."

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி இவருக்காக விசா மனு போட வேண்டும். இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். இந்த விதி எனக்கு அத்துப்படி. டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன் இல்லையா? 'லே-ஆஃப் அதிர்ச்சி!' என்று நானே எத்தனை தலைப்பு வைத்திருப்பேன்! ஒரு தலைப்புக்குக்கூட முகம் இருந்ததில்லை. இப்போது எதிரே உட்கார்ந்து, தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல், "அக்காகிட்ட சொல்லிருங்க அத்தான்" என்றேன். "பச்ச உடம்புக்காரிகிட்ட எப்படிடா?" என்றார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

மதியம் காற்று கிளம்பியது. மண் கரையாக இருந்த ஒரு பக்கத்தில் அலை மோதி, தண்ணீர் கலங்கியது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப வால்ஐ வரும்!"

வால்ஐ என்பது ஒரு மீன். பூனைக் கண் இருட்டில் மின்னுமே, அதேபோன்ற ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அதன் கண்ணுக்குள்ளும் உண்டு. அதனால் மங்கலிலும் கலங்கலிலும் மற்ற மீன் தடுமாறும்போது இதற்குத் தெளிவாகத் தெரியும், வேட்டை எளிது. நிஜ மண்புழுவைக் கோத்து, கலங்கலின் ஓரமாகவே போட்டை நத்தை வேகத்தில் ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு வால்ஐ. இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்தார் அத்தான். இவை முட்டை போட்டதும் திரும்பிப் பார்க்காத ஜாதி.

திரும்பும் வழியில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்த இரண்டு மீனுமே கொலராடோ ஆற்றின் பூர்வீக மீன்கள் இல்லை. ஸ்மால்மவுத் பாஸை 1982-ல் கொண்டுவந்து இந்த நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். அணைக்கு மேலே அதைப் பிடிக்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஏரி மட்டம் இறங்கியதும், அணை உள்ளிழுக்கும் தண்ணீரோடு அதுவும் டர்பைன் வழியே கீழே போய்விட்டது. 2022-ல் அணைக்குக் கீழே அதன் குஞ்சுகளைக் கண்டதும் அதிகாரிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. கிராண்ட் கேன்யனில் காலங்காலமாக வாழும் ஹம்ப்பேக் சப் என்ற அரிய மீனை இது தின்றுவிடும். அதனால் 2024 கோடையில் அடி ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் பாஸ் முட்டை போடாது.

"இந்த மீனுக்கும் விசா பிரச்னைதான் மாப்ள" என்றார் அத்தான். அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டுதான் கொடுக்க வேண்டும், இந்த ஊரில் அதற்கு எங்கே போவது என்று வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவள். வால்ஐயை வேகவைத்து உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு, அதே பக்குவத்தில் புட்டு செய்துவிட்டாள். "முள்ளே இல்லையே! நல்ல மீனுதான்" என்று சான்றிதழும் கொடுத்தாள்.

அன்றிரவு அத்தான் அக்காவிடம் சொன்னார். ஹாலில் படுத்திருந்த எனக்கு அக்காவின் குரல் கேட்டது. "இத்தன நாளா ஆபீஸ்னு சொல்லிட்டு எங்க போனீங்க?"

"லைப்ரரிக்கு."

அவ்வளவுதான். அழுகை இல்லை. காலையில் அம்மா காபி டம்ளரை நீட்டியபடி, "மாப்பிள்ளை, நம்ம வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. எது நடந்தாலும் பிள்ளையோட அங்க வந்து இருங்க. முன்னாடியே சொல்லிருந்தா நான் பாதாம் வாங்கச் சொல்லிருக்க மாட்டேன்" என்றாள். அத்தான் டம்ளரை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போகவில்லை.

51-வது நாள், கொஞ்சம் குறைந்த சம்பளத்தில், வேறொரு கம்பெனி அவருக்கு மனு போட்டது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஊர் திரும்பி டெஸ்க்கில் உட்கார்ந்த முதல் வாரமே இன்னொரு லே-ஆஃப் செய்தி வந்தது. பழக்கதோஷத்தில் 'அதிர்ச்சி' என்று டைப் செய்தேன். அப்புறம் அதை அழித்துவிட்டு, வேலை போனவருக்கு எத்தனை நாள் அவகாசம், அதற்குள் என்னென்ன செய்யலாம் என்பதை முதல் பத்தியில் வைத்தேன்.

எங்காவது ஒரு லைப்ரரியில் உட்கார்ந்து, போனில் யாராவது அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.