நாளைக்கு வருவீங்களா?

‘‘சார், எங்க எம்.பி.ஏ. பசங்களுக்கு மூணு நாள் கிளாஸ் எடுக்கணும். சப்ஜெக்ட், சோஷியல் ஆன்ட்ரப்ரனர்ஷிப். தமிழ்ல சொன்னா, சமூகத் தொழில்முனைவு!’’ என்றார் போனில் அந்தப் பேராசிரியர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் படித்தது பி.காம். அதையும் எப்படிப் படித்தேன் என்பது எனக்கும் என் காஸ்ட் அக்கவுன்ட்டிங் வாத்தியாருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ‘‘வேற யாராவது பெரிய ஆளா பாருங்களேன்’’ என்று நழுவப் பார்த்தேன். ‘‘பெரிய ஆளுங்க எல்லாம் பவர்பாயின்ட் போடுறாங்க சார். பசங்க தூங்குறாங்க’’ என்றார். அதற்கு மேல் மறுக்க மனசு வரவில்லை. மதுரைக்கு ரயில் ஏறிவிட்டேன்.

முதல் நாள். நாற்பது பேர். ‘‘சமூகத் தொழில்முனைவுன்னா என்ன?’’ என்று கேட்டேன். முன் பெஞ்ச் மாணவி கைடில் இருந்த வரையறையை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: ‘‘ஏழைங்களுக்கு ஃப்ரீயா குடுக்கறது சார்!’’

‘‘ஃப்ரீயா குடுக்கறது தர்மம். அதுக்கு எதுக்குய்யா எம்.பி.ஏ.?’’ என்றேன். சிரித்தார்கள்.

அவர்களுக்கு உதாரணம் தேடி நான் அமெரிக்கா போகவில்லை. அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டர், 58 வயதில், 11 படுக்கைகளோடு மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். டாக்டர் ஜி.வெங்கடசாமி. அந்த ஆஸ்பத்திரிதான் அரவிந்த்.

அங்கே பணம் கொடுக்கும் நோயாளிகளும் உண்டு, இலவச நோயாளிகளும் உண்டு. அறை, கட்டில், ஏ.சி. இதிலெல்லாம்தான் வித்தியாசம். ஆபரேஷன் தரத்தில் இல்லை. முதல் தரப்பு கட்டும் பணத்தில் மிச்சமாவது, இரண்டாவது தரப்பைத் தாங்குகிறது.

‘‘யாரு நிஜமாவே ஏழைன்னு எப்படி சார் கண்டுபிடிப்பாங்க? ரேஷன் கார்டு பார்ப்பாங்களா?’’

‘‘பார்க்கறதில்லை. எந்த வழியா போகணும்னு நோயாளியே முடிவு பண்ணிக்கலாம்.’’

‘‘வசதி இருக்கறவன் ஏமாத்த மாட்டானா?’’

‘‘சில பேர் ஏமாத்தலாம். ஆனா, அதைத் தடுக்க ஆள் போட்டு, ஃபார்ம் அடிச்சு, விசாரணை வெச்சா, அந்தச் செலவே அதிகமாயிடும். அதோட, நிஜமான ஏழை கூசிப்போய் வாசலோட திரும்பிடுவான்.’’

அடுத்து லென்ஸ் கதை. அந்தக் காலத்தில் புரை ஆபரேஷன் ஆனால் சோடா புட்டிக் கண்ணாடிதான். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ ஏழைக்கு எட்டாது. நன்கொடை கேட்டுக் கேட்டு எத்தனை லென்ஸ் வாங்க முடியும்? 1992-ல் ஆரோலேப் என்று தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

‘‘ஒரு கண்ணுக்கு என்ன செலவு, அதை யார் கட்டுறா, எப்படிக் குறைக்கலாம்... இந்த மூணு கேள்விதான் நம்ம சப்ஜெக்ட். மத்ததெல்லாம் அலங்காரம்’’ என்றேன். பிறகு வீட்டுப்பாடம். குழுக் குழுவாகப் பிரிந்து, வெளியே போய், பத்துப் பேரிடம் பேசிவிட்டு வர வேண்டும். ஒரே நிபந்தனை, யாரும் ஆப் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது!

மறுநாள் ஒரு குழு சிவந்த கண்களோடு வந்தது. நாலு பெண்கள், இரண்டு பையன்கள். அதிகாலை மூன்றரை மணிக்கே மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்கள். கூடையில் காய் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்களிடம் பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் விடியற்காலையில் ஒருவனிடம் 900 ரூபாய் வாங்குகிறார்கள். சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மறுநாள் திரும்ப 900. நாள் வட்டி.

‘‘வருஷத்துல 300 நாள் வியாபாரம்னு வெச்சுக்குவோம். வட்டி எவ்வளவு?’’ என்றேன். கால்குலேட்டரே தேவைப்படவில்லை. 30,000 ரூபாய்! 900 ரூபாய் முதலுக்கு. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

‘‘அதனால நாங்க முடிவு பண்ணிட்டோம் சார். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வட்டியே இல்லாம கடன் கொடுக்கப் போறோம்’’ என்றாள் குழுவின் தலைவி. கைதட்டல்.

‘‘இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?’’

அவள் முகம் கொஞ்சம் மாறியது. ‘‘சொன்னோம் சார். ஒரு அக்கா சிரிச்சாங்க.’’

‘‘என்ன சொல்லிச் சிரிச்சாங்க?’’

‘‘நல்ல மனசு தாயி ஒங்களுக்கு. ஆனா, எத்தனை நாளைக்கு வருவீங்க? அவன் மழையோ புயலோ, நாலு மணிக்கு டான்னு வந்து நிப்பான். ஒங்கள நம்பி அவனப் பகைச்சுக்கிட்டா, நீங்க பரீட்சைன்னு போயிட்டீங்கன்னா, அன்னைக்கு நான் யாருட்ட போயி நிப்பேன்? அப்படின்னு கேட்டாங்க சார்.’’

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால், இதே கேள்வியை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1999. நான் பி.காம். இரண்டாம் வருடம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் ஆரம்பித்தோம். மாசம் 350 ரூபாய் வாடகைக்கு ஒரு ரூம், ஒரு கரும்பலகை, ஒரு குண்டு பல்பு. வாடகை எங்கள் பாக்கெட் மணியில். இருபது பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஏழாவது படித்த ஒரு பெண், தினமும் கிளம்பும்போது தவறாமல் கேட்பாள், ‘‘அண்ணே, நாளைக்கு வருவீங்களா?’’

‘‘வராம எங்க போவோம்?’’ என்போம்.

எட்டு மாதம். ஒருவனுக்குப் பைக் பெட்ரோல் செலவு கூடியது. இன்னொருவன் சி.ஏ. சேர்ந்தான். எனக்கு அரியர்ஸ். இரண்டு மாத வாடகை பாக்கி. ஒருநாள் ரூமுக்குப் பூட்டுப் போட்டோம். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. முகத்தில் முழிக்கக் கூச்சம். காமர்ஸ் படித்த மூன்று பேர் நடத்திய இடத்தில் ஒரு வரவு-செலவு நோட்டு இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் மாசம் 50 ரூபாய் வாங்கியிருந்தால் வாடகை போக மிச்சமே நின்றிருக்கும். கேட்க எங்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சேவைக்குக் காசா!

பல வருடம் கழித்து ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அங்கேதான் வேலை. பத்தாவதில் கணக்கில் போய்விட்டதாம். கோபமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ‘‘பின்னம் சொல்லிக் குடுத்தீங்கண்ணே. தசமம் வர்றதுக்குள்ள போயிட்டீங்க.’’

இதை அந்த வகுப்பில் சொன்னேன். சொல்லிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

‘‘லாபம்கறது கெட்ட வார்த்தை இல்லைப்பா. நாளைக்கும் வர்றதுக்கான பஸ் டிக்கெட். வாங்க, கணக்குப் போடுவோம்.’’

போர்டில் எழுதினோம். 25 பெண்கள், தலா 900. முதல் 22,500. விடியற்காலை நாலு மணிக்கும் சாயங்காலமும் ஒருவர் போக வேண்டும். சம்பளம், பெட்ரோல் சேர்த்து நாளைக்கு 500. தலைக்கு 20 ரூபாய். நூறு கடனில் ஒன்று திரும்பவில்லை என்றால், கடனுக்கு 9 ரூபாய் நஷ்டம். ஆக 29. வட்டியில்லாக் கடன் என்று சொன்னாலும், தினமும் தலைக்கு 29 ரூபாயை யாரோ ஒருவர் கட்டியே ஆக வேண்டும்.

‘‘அப்ப 30 ரூபாய் வாங்கிக்கலாம் சார். அவன் வாங்குற 100 எங்க, நம்ம 30 எங்க!’’ என்றான் ஒரு பையன் உற்சாகமாக.

‘‘900-க்கு ஒரு நாளைக்கு 30. வருஷத்துக்கு என்ன சதவிகிதம்?’’

தட்டிப் பார்த்தவன் விழித்தான். 1,200 சதவிகிதத்துக்கு மேல்! ‘‘சார்... நாமளே கந்துவட்டிக்காரங்க ஆயிட்டோமே!’’

வகுப்பே வெடித்துச் சிரித்தது. ஆனால், விஷயம் சிரிப்பில்லை. நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. நல்ல மனசு என்பதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் செல்லாது.

மூன்றாம் நாள், ஆந்திரா கதையைச் சொன்னேன். 1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமே 27 டாலர் கொடுத்து முகமது யூனுஸ் ஆரம்பித்த சிறுகடன், 2006-ல் நோபல் பரிசு வரை போனது. அதே சிறுகடன், நான்கே வருடத்தில் ஆந்திராவில் வேறு முகம் காட்டியது. 2010-ல் சிறுகடன் கம்பெனி ஒன்று பங்குச் சந்தைக்கே வந்தது. ஒரே பெண்ணுக்கு நாலு கம்பெனி கடன் கொடுத்தது. வசூலில் கெடுபிடி. தற்கொலைகள் என்று செய்திகள். அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட, வசூல் படுத்துவிட்டது.

‘‘நாங்க எட்டு மாசத்துல காணாமப் போனோம். இவங்க தினமும் வந்தாங்க. ஆனா, எதுக்காக வந்தோம்கறதை மறந்துட்டாங்க. எண்ணிக்கையை மட்டும் எண்ணினா இதான் கதி. எத்தனை கடன் கொடுத்தோம்னு எண்ணக்கூடாது. எத்தனை பேர் கடன்லேர்ந்து வெளிய வந்தாங்கன்னு எண்ணணும்.’’

தலைவி எழுந்தாள். ‘‘அப்ப கடனே வேண்டாம் சார். அந்த அக்காங்க தினமும் 30 ரூபாய் ஒதுக்கினா, ஒரு மாசத்துல 900 அவங்க கையிலேயே இருக்குமே?’’

நான் சாக்பீஸை அவளிடமே கொடுத்தேன். முதல் நாள் 30 சேர்ந்தால், மறுநாள் 30 ரூபாய் குறைவாகக் கடன் வாங்கலாம். அன்றைய வட்டியில் மூணு ரூபாய்ச் சொச்சம் மிச்சம். அதையும் சேர்த்தால்... கணக்கு போர்டில் ஓடியது. ஒரு மாதம்கூட வேண்டாம். கணக்குப்படி 14-ம் நாள், அவள் கையில் 900 சொந்தப் பணம்!

இங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. நம் கோயம்பேட்டு வியாபாரிகளைப் பற்றி செந்தில் முல்லைநாதன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், எல்டார் ஷாஃபிருடன் சேர்ந்து எழுதிய ‘ஸ்கேர்சிட்டி’ என்ற புத்தகத்தில் விவரித்திருக்கிறார். சில வியாபாரிகளின் கடனை ஆய்வாளர்களே மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் திரும்பவும் கடனுக்கே போய்விட்டார்கள். ஊதாரித்தனமில்லை. திடீரென ஒரு கல்யாண மொய், ஒரு காய்ச்சல். கையில் உபரி இல்லாதவரை அந்தச் சின்னத் தடுக்கல் போதும் கீழே விழ.

எனவே, பசங்கள் திட்டத்தைத் திருத்தினார்கள். பத்துப் பெண்கள், ஒரு குழு. தினமும் 30 ரூபாய். 900 சேர்ந்த பிறகும் நிறுத்தக்கூடாது. அடுத்து சேர்வது காய்ச்சலுக்கும் மொய்க்கும். அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது வம்பு என்பதால், குழுவின் பெயரில் பேங்க் கணக்கு. அதாவது, 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்த அதே மகளிர் சுய உதவிக் குழு! ‘‘இதுல புதுசா ஒண்ணுமே இல்லையே சார், மார்க் குறைப்பீங்களா?’’ என்று கேட்டான் ஒருவன். ‘‘ஏற்கெனவே இருக்கறதை ஒழுங்கா செய்யறதுக்குத்தான் ஆளே இல்லை’’ என்றேன்.

டிரஸ்ட், சொசைட்டி, கூட்டுறவு, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவு என்று பதிவு வகைகளைக் கடைசி அரை மணி நேரத்தில் ஓட்டினேன். அது கைடிலேயே இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக மதுரை போனபோது, விடியற்காலை அந்தத் தலைவி என்னை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். பத்துப் பேரில் ஏழு பேர் இப்போது சொந்தப் பணத்தில் காய் எடுக்கிறார்கள். ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார். இரண்டு பேர் திரும்பவும் நாள் வட்டிக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு மகன் விபத்து, இன்னொருவர் காரணம் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது.

‘‘கோர்ஸ் முடியுது சார். சென்னையில வேலை கிடைச்சிருக்கு. போகவே பயமா இருக்கு. ஜூனியர்ஸ் வருவாங்களான்னு தெரியலை’’ என்றாள்.

அன்றைக்குச் சிரித்த அதே அக்கா, தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நீள நோட்டு. பேர் பேராக, தேதி தேதியாக, பேனாவில் கிறுக்கல் எழுத்து. மாணவர்களின் கையெழுத்து இரண்டு மாதத்துக்கு முன்பே அதில் நின்றுபோயிருந்தது.

‘‘மெட்ராஸுக்குப் போறியாமே?’’ என்று அவளைக் கேட்டார். அவள் தலைகுனிந்து, ‘‘ஆமாக்கா... லீவுக்கு வருவேன்’’ என்றாள்.

அக்கா நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். ‘‘வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் ஒண்ணுமில்ல தாயி. நாங்க நாளைக்கு வருவோம்ல!’’

அந்தக் குழுவுக்கு எத்தனை மார்க் போட வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால், ரிசல்ட் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.