சீதக்காதி என்றொரு பெயர்

தமிழ் வழங்கும் நிலத்தில் சீதக்காதி என்னும் பெயரைக் கேளாத செவி அரிது. அப்பெயரைத் தாங்கிய ஒருவரை நேரிற் கண்ட கண்ணோ அதனினும் அரிது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாம் வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைப் படித்து வந்துள்ளோம். காதர்களும் மைதீன்களும் சாகுல் அமீதுகளும் ஆண்டுதோறும் வந்து அமர்ந்தனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பாரியின் பெயரைச் சுமந்தோரும் வந்தனர். ஆனால் 'சீதக்காதி' என்று அழைத்து, 'உள்ளேன் ஐயா' என்னும் மறுமொழியை ஒருமுறையேனும் பெற்றோம் இல்லை. நாடறிந்த பெயர் ஒன்று வீட்டுக்குள் வழங்காமற் போனது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அப்பெயருக்குரியவரை முதற்கண் நினைவுகூர்வோம். கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கப்பல் வணிகர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். 1710 வரை சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பராகவும் அறிவுரை கூறும் துணைவராகவும் விளங்கியவர். மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் பெருமதிப்புக் கொண்டவர். புலவர்க்குப் புரவலர், பசித்தோர்க்கு அன்னமிட்டவர். எட்டயபுரத்து உமறுப் புலவர் பெருமானாரின் வாழ்வைத் தமிழிற் காப்பியமாக்க முனைந்தபோது ஊக்கமும் பொருளும் நல்கியவர் இவரே. கீழக்கரை ஜும்மாப் பள்ளிவாசலின் கற்றூண்களைக் கண்டோர், கடல் வணிகத்தாற் பெற்ற செல்வம் தமிழ்ச் சிற்பியின் உளிவழியே இறையில்லமாக நிமிர்ந்த அழகை மறவார்.

இனி, பெயரின் பிறப்பைக் காண்போம். 'ஷெய்கு' என்பது அரபு மொழியில் முதியவரையும் மதிப்பிற்குரியவரையும் குறிக்கும் சொல். 'அப்து' என்பது அடியான். 'காதிர்' என்பது ஆற்றலுடையோன் எனப் பொருள்படும் இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. ஆற்றலுடையோனின் அடியான் என்பதே அப்துல் காதிர். பக்தாதில் அடங்கியிருக்கும், 1166இல் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயர் இது. அவர் வழிவந்த காதிரிய்யா நெறி தமிழகக் கடற்கரையில் வேரூன்றிய காலந்தொட்டு இப்பெயர் இங்கே இல்லந்தோறும் இடம்பெற்றது. சதக்கத்துல்லா அப்பா அவர்கள் அப்பெரியாரைப் போற்றி அரபியில் இயற்றிய 'யா குத்பா' இன்றும் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் ஓதப்பெறுகிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஆண்டகையின் பெயரிலும் அப்துல் காதிர் என்பது உண்டு. ஆகவே கீழக்கரையில் பிறந்த ஆண்மகவு ஒன்றுக்கு இப்பெயர் அமைந்ததில் வியப்பேதும் இல்லை. வியப்பெல்லாம் தமிழ் நா அதனை ஏற்றுக்கொண்ட முறையிலேயே உள்ளது.

பகர ஒற்றை அடுத்துத் தகரம் வருதலைத் தமிழ் மெய்ம்மயக்க இலக்கணம் ஏற்பதில்லை. க, ச, த, ப என்னும் நான்கு ஒற்றுகளும் தம் முன் தாமே வரும் இயல்பின. எனவே 'அப்து' என்னும் ஒலிக்கூட்டு தமிழ் நாவில் நிற்க இடமில்லாது நெகிழ்ந்தது. ஷகரம் சகரமாயிற்று. இறுதி ரகர ஒற்று பேச்சு வழக்கில் தேய்ந்தது. மூன்று சொற்கள் ஒன்றாகிச் 'செய்தக்காதி' என நின்று, பின்னர்ச் 'சீதக்காதி' எனத் திரண்டன. இவ்விடை வடிவம் வெறும் ஊகம் அன்று. 'செய்தக்காதி நொண்டி நாடகம்' என்னும் நூற்பெயரே அதற்குச் சான்று. விபீஷணனை வீடணனாகவும் லக்ஷ்மணனை இலக்குவனாகவும் கொண்ட அதே மரபுதான் இது. தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறியைக் கடற்கரை மக்கள் அரபுச் சொல்லுக்கும், ஏடு புரட்டாமலே, பொருத்திக் கொண்டனர். போதாக்குறைக்குக் குளிர்ச்சி எனப் பொருள்படும் 'சீதம்' என்னும் சொல் முன்னே வந்து அமர்ந்துவிட்டது. குளிர்ந்த நெஞ்சினர் ஒருவரின் பெயராகவே அது தமிழ்ச் செவியில் விழுந்தது.

பெயர் பரவிய வரலாறு இதனினும் சுவையானது. வள்ளல் மறைந்தபின் வந்த படிக்காசுப் புலவர் அடக்கவிடத்தின்முன் கதறியழ, உள்ளிருந்து கை நீண்டு மோதிரம் ஒன்றை அளித்தது என்பது செவிவழிக் கதை. அதனைப் பகுத்தறிவால் அளந்து தள்ளிவிடுவது எளிது. ஆனால் வேறொரு மெய்ம்மை நம் கண்முன் உள்ளது. சீறாப்புராணம் நிறைவெய்தும் முன்பே சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பணியை ஏற்று நடத்தினார். காப்பியத்துக்குள் புரவலராகப் போற்றப்பெறுபவரும் அவரே. 5,027 விருத்தப்பாக்களாக இன்று நம் கையில் உள்ள அந்நூல், விதைத்தவர் போனபின் விளைந்த கொடையன்றோ! 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுவதில்லை.

அப்பழமொழியே பெயரை ஊரெங்கும் கொண்டு சென்றது; அதுவே பெயரை வீட்டிலிருந்து வெளியேற்றியது. இதனை நாம் ஏட்டிற் கற்றோம் அல்லோம். எம் குடும்பத்திற் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் ராத்தாவின் மகள்வழிப் பேரன் பிறந்தான். அதற்குமுன் பிறந்த இரு மகவுகளையும் பறிகொடுத்துத் தவித்த வீடு அது. ஏழாம் நாள் அகீக்காவுக்கு முன்னர்ப் பெயர் பற்றிய பேச்சு எழுந்தது. சீதக்காதி என இடலாம் என்று நாம் முன்மொழிந்தோம். பிள்ளையின் தந்தை வளைகுடா நாட்டிற் பணிபுரிபவர். "மாமா, இதை அரபியில் எப்படி எழுதுவது?" என்று பணிவோடு வினவினார். அரபு மண்ணிற் பிறந்த பெயர்தான். ஆயினும் அரபியர் எவரும் அதனைத் தம்முடையதென்று அறியார். அங்கு வந்திருந்த ஆலிம் பெருந்தகை, 'அப்து' தேய்ந்து போனமையைச் சுட்டினார். அடிமைத்தனத்தை உணர்த்தும் அப்துல்லா, அப்துர் ரகுமான் போன்ற பெயர்களே இறைவனுக்கு மிக உவப்பானவை என்பது நபிமொழி. இறைவனின் திருநாமத்தை 'அப்து' இன்றி மனிதர்க்கு வழங்குதல் முறையன்று என்றார் அவர். இவ்விரண்டுக்கும் மறுமொழி கூற நாம் முயன்றோம்.

ராத்தா கூறியதற்கு மட்டும் எம்மிடம் மறுமொழி இல்லை. "தம்பி, அந்தப் பேரைச் சொன்னாலே 'செத்தும்' என்கிற சொல் முன்னால் வந்து நிற்கிறது. ரெண்டைக் கொடுத்துவிட்டு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறோம். இவனைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சொல் என் காதில் விழ வேண்டாம்" என்றார். அவை முழுதும் அமைதியாயிற்று. பிள்ளைக்கு அப்துல் காதிர் என்றே பெயரிடப்பெற்றது.

பின்னர்ச் சிந்தித்துப் பார்த்தோம். பாரி என்னும் பெயரைக் கேட்கையில் தேரும் முல்லையும் நினைவுக்கு வருகின்றன; சாவு வருவதில்லை. சீதக்காதியின் புகழோ அவருடைய மறைவோடு பின்னிக் கிடக்கிறது. 2018இல் அப்பெயரால் வெளிவந்த திரைப்படமும் கீழக்கரை வள்ளலின் வரலாறு அன்று; இறந்தபின்னும் தன் கலையை வழங்கும் நாடக நடிகர் ஒருவரின் கதை. ஒரு மனிதரைக் குறித்த இயற்பெயர், 'இறந்தும் ஈபவர்' என்னும் பொதுச்சொல்லாக மாறிவிட்டது. பொதுச்சொல்லைப் பிள்ளைக்கு இடுவார் இலர்.

கிறித்தவ அன்பர்களின் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம். யோசேப்பு அவர்களிடையே சூசை ஆனார். பேதுரு இராயப்பர் ஆனார். பவுல் சின்னப்பர் ஆனார். இத்தமிழ் வடிவங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பெயர்களாயின. நம்மிடமும் முஹ்யித்தீன் மைதீன் ஆனதும், ஹசன் அசன் ஆனதும், உமர் உமறு ஆனதும் உண்டு. ஆகவே தமிழ்ப்பட்டமையால் சீதக்காதி என்னும் பெயர் வழக்கொழிந்தது எனல் பொருந்தாது. அளவிறந்த புகழே அதற்குத் தடையாயிற்று.

பெயர் வழங்காமற் போனதைப் பற்றி நாம் பெரிதும் வருந்துவதற்கில்லை. வருந்தத்தக்கது மற்றொன்று. ஒருமுறை வகுப்பில் அப்துல் காதர் என்னும் மாணவரை எழுப்பி, சீதக்காதி யாவர் எனக் கேட்டோம். 'பழங்காலத்து அரசர் ஒருவர்' என்றார். அருகிருந்த மற்றொருவர் 'கர்ணனைப் போலக் கதையில் வருபவர்' என்றார். 'தம்பி, அது உம்முடைய பெயர்தான்' என்று கரும்பலகையில் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டினோம். அம்மாணவர் தம் பெயரை முதன்முறை காண்பவர்போல நோக்கி நின்றார். பழமொழி வாழ்கிறது, அதனுள் இருக்கும் மனிதர் மறக்கப்படுகிறார். அவர் மறக்கப்படின், சேதுபதியும் மரைக்காயரும் ஒருவர் தோளில் ஒருவர் கையிட்டு வாழ்ந்த காலமும் கூடவே மறக்கப்படும். இராமநாதபுரத்து விளையாட்டரங்கத்துக்குச் சீதக்காதி சேதுபதி எனப் பெயர் அமைந்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. அவ்வாயிலைக் கடக்கும் இளைஞருள், இரு பெயர்கள் ஏன் இணைந்து நிற்கின்றன என்று வினவுவோர் எத்தனை பேர்?

ராத்தா இப்போது அப்பேரனைக் 'காதரு' என்றே அழைக்கிறார். 'அப்துல்' நாவினின்று நழுவிவிட்டது, இகரம் அகரமாயிற்று, ஈற்றில் ஓர் உகரம் வந்து சேர்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கீழக்கரைத் தெருவில் தமிழ் நா செய்த அதே வேலை எம் வீட்டு முற்றத்திலும் தொடங்கிவிட்டது. அன்பு மிகுந்த இடத்தில்தான் பெயர் தேய்கிறது என்பது நாம் கண்ட உண்மை.

மாணவச் செல்வங்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வரும் விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களின் அருகமர்ந்து உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது, எந்த முன்னோருக்குரியது, அவரை ஊரார் எவ்வாறு அழைத்தனர் என்று கேளுங்கள். கடவுச்சீட்டில் ஒரு வடிவும், பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவும், உம்மாவின் வாயில் ஒரு வடிவுமாக நிற்கும் அப்பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியோர்களும் கேட்கும் பிள்ளையிடம் பொறுமையோடு எடுத்துரைப்பார்களாக. சீதக்காதி என்று எவர்க்கும் பெயரிடாவிடினும் குறையில்லை. காதர் என்று அழைக்கப்பெறும் ஒவ்வொருவரும் அவ்வள்ளலின் பெயரைத் தாமும் தாங்கி நிற்பதை அறிந்திருந்தால் அதுவே போதும். பெயரை அறிந்தவர்க்கு அதற்குரிய ஈகையும் என்றேனும் நினைவில் எழும்.