ஃப்ளெமிங்ஸ்பெர்க்கிலிருந்து ஒரு கடிதம்

ஸ்டாக்ஹோம்



ஸ்டாக்ஹோமின் மையத்திலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயிலில் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் வந்துவிடும் ஃப்ளெமிங்ஸ்பெர்க், சுற்றுலாப் பயணிகள் இறங்கும் ஊர் அன்று. ஆயினும் கரோலின்ஸ்கா மருத்துவமனையின் ஹுடிங்கே வளாகமும், 1827இல் தோன்றிய கே.டி.ஹெச். அரச தொழில்நுட்பக் கழகத்தின் மருத்துவப் பொறியியல் துறையும் இங்கே அருகருகே அமைந்திருப்பதால், மூளைக்காயத்தைக் கணினி மாதிரிகளால் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற விரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய ஊர் இது.

மூளைத் திசு அமுக்கத்துக்கு எளிதில் இடங்கொடாது. ஆனால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் சறுக்குப் பெயர்ச்சிக்கு உடனே இணங்கிவிடும். ஆகவே தலையின் திடீர்ச் சுழற்சியே மூளையை அதிகம் சிதைக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலர் ஹோல்போர்ன் 1943இல் ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு வாதிட்டார். அவ்வாதத்தை எண்களாக்க உதவுவது ஃபைனைட் எலிமென்ட் முறை: மண்டையோடு, மூளையுறை, மூளை ஆகியவற்றைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, மோதலின்போது ஒவ்வொரு கூறும் எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு சுருங்குகிறது என்ற திரிபைக் கணந்தோறும் கணக்கிடுவது. ஸ்வெய்ன் கிளைவன் 2002இல் கே.டி.ஹெச். கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இத்தகைய தலை மாதிரி பற்றியதே. தலைக்கவசத்தின் உள்ளே சற்று வழுக்கும் அடுக்கைச் சேர்த்துச் சுழற்சியைக் குறைக்கும் ‘மிப்ஸ்’ உத்தியும், நரம்பு அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் பொறியாளர் பீட்டர் ஹால்டினும் உழைத்த இச்சூழலில் பிறந்ததுதான்.

கணக்கிட்ட திரிபைத் திரையில் சிவப்பும் நீலமுமாக விரித்துக் காட்டும் படங்களில் மயங்குவது இத்துறையில் மிக எளிது. ஆனால் மாதிரியை உண்மையான அளவீட்டோடு ஒப்பிட வேண்டும். டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், தானமளிக்கப்பட்ட உடல்களின் மூளைக்குள் நுண்குறிகளைப் பதித்து, மோதலின்போது அவை நகர்ந்த சில மில்லிமீட்டர்களை அதிவேக எக்ஸ் கதிர்ப் படங்களால் அளந்தனர். அவ்வளவுகளோடு ஒத்துப்போகாத மாதிரியின் படம் வெறும் கோலமே. ஒத்துப்போனாலும், இறந்த மூளையில் அளந்தது உயிருள்ள மூளைக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி எஞ்சுகிறது. நல்ல ஆய்வேடுகளுக்கு இன்னும் இடமிருப்பது அங்கேதான்.

ஸ்வீடனில் முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் ஒரு வேலை நியமனம். கல்விக் கட்டணம் கிடையாது. மாதச் சம்பளம் உண்டு. முழுநேர ஆய்வு நான்காண்டு. கற்பித்தல் முதலிய துறைப்பணி 20 விழுக்காடு வரை சேர்ந்தால் ஐந்தாண்டாக நீளும். முதுநிலைப் பட்டமோ, அதற்கு நிகரான படிப்போ வேண்டும். ஆய்வேட்டைப் பொது அவையில் வாதிட்டு நிறுவுவதற்குச் சில வாரங்கள் முன்பே அதனை ஆணியடித்து மாட்டி ஊரறியச் செய்யும் பழைய வழக்கமும் இந்நாட்டில் மறையவில்லை.

உயிரியல் படிக்கவில்லையே என்று இயந்திரவியல், கட்டடப் பொறியியல் மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை. திடப்பொருள் இயக்கவியலே இங்கு அடித்தளம். எல்லாப் பேராசிரியர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாமல், அறிவிக்கப்பட்ட திட்டத்தைப் படித்து, தாம் உருவாக்கிய மாதிரி எதையேனும் எந்தச் சோதனையோடு ஒப்பிட்டார்கள், எங்கே பொருந்தாமல் போயிற்று என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுவார்களாக.